உங்க கையில கூடையைக் கொடுத்த மனுஷன்... பிக்லி விக்லி சாண்டர்ஸின் கதை!

போன வாரம் ஒரு டூத் பேஸ்ட் வாங்கலாம்னு சூப்பர் மார்க்கெட்டுக்குப் போனேன். வெளியே வரும்போது பில் 640 ரூபாய். கையில ரெண்டு சிப்ஸ் பாக்கெட், ஒரு நூடுல்ஸ், ஒரு வாசனை மெழுகுவத்தி, எதுக்குன்னே தெரியாத ஒரு பிளாஸ்டிக் டப்பா. பேஸ்ட்? மறந்துட்டேன். சிரிக்காதீங்க, உங்களுக்கும் இது நடந்திருக்கும்.

அப்படி நடக்கணும்னுதான் அந்தக் கடையே கட்டப்பட்டிருக்கு. வாசல்ல கூடை, உள்ளே போக ஒரு வழி, வெளியே வர இன்னொரு வழி, நடுவுல எல்லா ராக்கையும் பார்த்துட்டே நடக்க வேண்டிய பாதை, ஒவ்வொரு பொருளுக்கும் விலை அட்டை, கடைசியில பில் கவுன்ட்டர். இதெல்லாம் காலங்காலமா இருக்கிற மாதிரி நமக்குத் தோணும். ஆனா இந்த அமைப்பை முழுசா ஒரு கண்டுபிடிப்பாகவே பதிவு செய்து, அமெரிக்க அரசாங்கத்திடம் பேட்டன்ட் வாங்கினவர் ஒருத்தர் இருக்கார். பெயர் கிளாரன்ஸ் சாண்டர்ஸ்.

இவர் ரெண்டு தடவை பெரும் பணக்காரர் ஆனார். ரெண்டு தடவையும் எல்லாத்தையும் இழந்தார். மூணாவது தடவை ஒரு கடையைக் கட்டிக்கிட்டு இருக்கும்போதே இறந்துபோனார். பில் கேட்ஸ் தனக்குப் பிடிச்ச பிசினஸ் புத்தகம்னு சொல்ற ஜான் புரூக்ஸின் 'பிசினஸ் அட்வென்ச்சர்ஸ்'ல இவருக்காகவே ஒரு அத்தியாயம் இருக்கு. அப்படி என்ன செய்தார்? வாங்க, பார்ப்போம்.

சீட்டை நீட்டினா சாமான் வரும்

சாண்டர்ஸ் பிறந்தது 1881-ல, அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில். ஏழைக் குடும்பம். பிறகு குடும்பம் டென்னசிக்குக் குடிபெயர்ந்தது. 14 வயசுல பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டுட்டு ஒரு பலசரக்குக் கடையில வேலைக்குச் சேர்ந்தார். நடுவுல அலபாமாவில் கரியைச் சுட்டு கோக் தயாரிக்கிற ஆலை, டென்னசியில் மர அறுவை மில் என்று எங்கெங்கோ வேலை பார்த்துட்டு, திரும்பவும் மளிகைப் பக்கமே வந்து சேர்ந்தார். 19 வயசுல ஒரு மொத்த வியாபாரியிடம் விற்பனையாளர். சம்பளம் மாதம் 30 டாலர். இருபதுகளின் தொடக்கத்தில் மெம்ஃபிஸ் நகரத்துக்கு வந்துட்டார். அதன்பிறகு அவருடைய ஏற்றம், இறக்கம் எல்லாமே அந்த ஊர்லதான்.

அந்தக் காலத்து அமெரிக்க மளிகைக் கடை எப்படி இருந்ததுன்னு நீங்க கஷ்டப்பட்டு யோசிக்க வேண்டாம். உங்க தெருமுனை அண்ணாச்சி கடையை நினைச்சுக்கோங்க, போதும். நடுவுல ஒரு நீளமான கவுன்ட்டர். இந்தப் பக்கம் நீங்க, அந்தப் பக்கம் சரக்கு. சீட்டை நீட்டினா கடைப்பையன் ஒவ்வொண்ணா எடுத்து, நிறுத்து, பொட்டலம் கட்டி வைப்பார். பாதிப்பேருக்கு நோட்டுல கணக்கு. மாசம் பிறந்ததும் கொடுக்கலாம். கூட்டம் அதிகமா இருந்தா நிக்கணும். கூட்டமே இல்லாட்டி பையன் சும்மா நிப்பார், ஆனா சம்பளம் ஓடிக்கிட்டே இருக்கும்.

கடை கடையா ஏறி இறங்கின சாண்டர்ஸ் ஒரு விஷயத்தைக் கவனிச்சார். சின்ன மளிகைக் கடைகள் மூடப்படுறதுக்கு ரெண்டே காரணம்தான் திரும்பத் திரும்ப வந்தது. ஒண்ணு, வராத கடன். இன்னொண்ணு, ஆட்களுக்கும் மற்றதுக்கும் ஆகிற செலவு. முதல் பிரச்னைக்கு 1915-ல ஒரு தீர்வு கண்டார். ரொக்கத்துக்கு மட்டுமே சரக்கு கொடுக்கிற மொத்த வியாபார கம்பெனியை ஆரம்பித்து, தன்னிடம் வாங்குகிற கடைக்காரர்களையும் ரொக்கத்துக்கே விற்கச் சொன்னார். ரெண்டாவது பிரச்னைக்கு அவர் கண்ட தீர்வுதான் உங்க கையில இருக்கிற கூடை.

அந்த விசித்திரமான பெயர்

1916 செப்டம்பர். மெம்ஃபிஸ், ஜெஃபர்சன் அவென்யூ, கதவு எண் 79. கடைக்குப் பெயர் 'பிக்லி விக்லி'. கேட்டதும் சிரிப்பு வருதா? அப்பவும் எல்லாரும் சிரிச்சாங்க. ரயில்ல போகும்போது சில பன்றிக்குட்டிகள் வேலிக்கு அடியில் முண்டியடிச்சு நுழையப் பார்த்ததை அவர் ஜன்னல் வழியா பார்த்தாராம், அதுல வந்த பெயர்தான் இதுன்னு ஒரு கதை உண்டு. உண்மையோ பொய்யோ, அவரிடமே யாராவது காரணம் கேட்டால், இப்படி நீங்க கேட்கணும்னுதான் வெச்சேன் என்கிற மாதிரி பதில் சொல்லிவிடுவாராம். இன்னிக்கு ஸ்டார்ட்-அப்களுக்குப் பெயர் வைக்கிறவங்க லட்சக்கணக்குல ஃபீஸ் வாங்கிட்டுச் செய்ற வேலையை மனுஷன் ஓசியில செஞ்சிருக்கார்!

சரி, உள்ளே போவோம். முன்னாடி ஒரு சின்ன முகப்பு. அங்கே ஒருத்தர் ஒருத்தரா மட்டுமே நுழைய முடிகிற சுழலும் கேட். கூடையை எடுத்துக்கிட்டு அதைத் தள்ளி உள்ளே போனா, இருபக்கமும் ராக்குகள். கவுன்ட்டர் கிடையாது. எடுத்துத் தர ஆள் கிடையாது. எல்லாப் பொருளுக்கும் பக்கத்துலயே விலை அட்டை தொங்குது. பாதை வளைஞ்சு வளைஞ்சு போகும். குறுக்கே போக முடியாது. நடுவுல மனசு மாறி வந்த வழியே திரும்பவும் முடியாது. முழுக்க நடந்து முடிச்சாத்தான் கேஷியர் உட்கார்ந்திருக்கிற வாசல் வரும். அங்கே மிஷின்ல கூட்டல் போட்டு, காசை வாங்கிட்டு அனுப்புவாங்க. பின்பக்கம் சரக்கு அறை. மேலே பரண் மாதிரி ஒரு தளம் - அங்கே நின்னா, வாடிக்கையாளருக்குத் தொந்தரவு இல்லாமலே கடை முழுக்க நோட்டம் விடலாம். சிசிடிவி வருவதற்குப் பல வருஷங்களுக்கு முந்தைய சிசிடிவி!

அக்டோபர்லயே பேட்டன்ட்டுக்கு விண்ணப்பிச்சுட்டார். 1917 அக்டோபர் 9-ஆம் தேதி கிடைத்தது. எண் 12,42,872. தலைப்பு, சுருக்கமா, தானே பரிமாறிக்கொள்ளும் கடை. இதில் கவனிக்க வேண்டியது, அவர் பேட்டன்ட் வாங்கினது கேட்டுக்கோ ராக்குக்கோ இல்லை. எந்த வரிசையில எது நிக்கணும், ஆள் எந்தப் பக்கம் நடக்கணும் என்கிற மொத்த அமைப்புக்கு. வர்ற வாடிக்கையாளர் கடையில இருக்கிற எல்லா சரக்கையும் பார்த்தே ஆகணும் என்பதை விண்ணப்பத்திலேயே ஒரு நோக்கமா வெளிப்படையா எழுதியிருக்கார். என் 640 ரூபாய் பில்லுக்கு யார் காரணம்னு இப்போ தெரியுதா?

உண்மையைச் சொல்லணும்னா, வாடிக்கையாளரே எடுத்துக்கொள்ளும் கடை என்பது சாண்டர்ஸுக்கு மட்டுமே தோணின யோசனை இல்லை. கலிஃபோர்னியாவுல அதே காலத்துல வேறு சிலரும் முயற்சி பண்ணியிருந்தாங்க. ஆனா அதை ஊர் ஊரா ஒரே அச்சில் வார்த்து எடுக்கக்கூடிய பொருளாக மாத்தினவர் இவர்தான். ராக், கேட், விலை அட்டை, கவுன்ட்டர் என எல்லாம் ஒரே வடிவமைப்பு. யாருக்கு வேணும்னாலும் இந்த முறையைப் பயன்படுத்துற உரிமையைக் காசுக்குக் கொடுத்தார். ஊழியர்களுக்கு யூனிஃபார்ம், காய்கறிக்குக் குளிர்பெட்டி, எல்லாப் பொருளுக்கும் விலைக்குறி - இதையெல்லாம் மளிகைக் கடைக்குள்ள முதல்ல கொண்டுவந்தது நாங்கதான்னு பிக்லி விக்லி கம்பெனி இன்னிக்கும் பெருமையடிச்சுக்குது.

கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க, இந்த ஒரு மாற்றம் எதையெல்லாம் புரட்டிப் போட்டிருக்குன்னு. அதுவரைக்கும் எந்த பிஸ்கட் நல்லா இருக்கும்னு கடைப்பையன்தான் சொல்வார். அவர் போனதும், பிஸ்கட் டப்பாவே தன்னைப் பத்திப் பேச வேண்டியதாகிடுச்சு. கலர், எழுத்து, படம், பிராண்டு என்று பேக்கிங் மேல கம்பெனிகள் உயிரை விட ஆரம்பிச்சது இதுக்கு அப்புறம்தான் வேகமெடுத்தது. மறுவருஷமே அமெரிக்கா முதல் உலகப் போரில் குதிச்சது. வேலைக்கு ஆள் கிடைக்காத நேரத்தில் ஆளே தேவைப்படாத கடை என்றால் கசக்குமா? இன்னொரு பக்கமும் இருக்கு. எடுத்துத் தர்றது, பொட்டலம் கட்டுறது, வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறதுன்னு மத்தவங்க பார்த்த வேலை எல்லாம் நம்ம தலையில விழுந்தது. சம்பளம் வாங்கிட்டுச் செய்த வேலையை நாம இலவசமா, அதுவும் சந்தோஷமா செய்ய ஆரம்பிச்சோம். விலை குறைஞ்சதால யாரும் முணுமுணுக்கலை.

காப்பியடிக்க ஆள் வராம இருப்பாங்களா? 'ஹெல்ப்பி செல்ஃபி', 'ஹேண்டி ஆண்டி' என்று அதே ராகத்தில் பெயர் வெச்சு அங்கங்கே கடைகள் முளைச்சுது. அதைப் பத்திக் கவலைப்பட சாண்டர்ஸுக்கு நேரமில்லை. 1922 கடைசியில அமெரிக்கா முழுக்க 1,200-க்கும் மேல பிக்லி விக்லி கடைகள். அதில் சுமார் 650 கம்பெனிக்கே சொந்தம். ஆறே வருஷம்!

மெம்ஃபிஸில் அவர் தனக்கொரு மாளிகை கட்ட ஆரம்பிச்சார். ஜார்ஜியாவிலிருந்து வந்த இளஞ்சிவப்பு மார்பிள். ஊர்க்காரங்க வெச்ச பெயர், பிங்க் பேலஸ்.

வால் ஸ்ட்ரீட்டோடு மல்லுக்கட்டு

இங்கேதான் கதை வேற பக்கம் திரும்புது. இதுக்கப்புறம் வர்றது மளிகை இல்லை, பங்குச் சந்தை. பயப்படாதீங்க, சுருக்கமா சொல்றேன்.

1922 ஜூன் மாசம் பிக்லி விக்லி பங்குகள் நியூயார்க் பங்குச் சந்தையில் பட்டியலாச்சு. அந்த நவம்பர்ல, நியூயார்க் பக்கம் பிக்லி விக்லி பெயரை வாடகைக்கு எடுத்து நடத்தின சில சின்ன கம்பெனிகள் திவாலாச்சு. தாய்க் கம்பெனிக்கும் அதுக்கும் நேரடி சம்பந்தம் இல்லை. ஆனா சந்தையில இருந்த சில கில்லாடிகளுக்கு அது போதுமானதா இருந்தது. கம்பெனி ஆட்டம் காணுதுன்னு பேச்சைக் கிளப்பிவிட்டு 'ஷார்ட்' அடிக்க ஆரம்பிச்சாங்க.

ஷார்ட் என்றால்? உங்க நண்பரிடம் ஒரு போனை இரவல் வாங்கி, இன்னிக்கு விலைக்கு வித்துடுறீங்க. அடுத்த வாரம் அதே மாடல் விலை குறையும், அப்போ வாங்கித் திருப்பிக் கொடுத்துட்டு நடுவுல இருக்கிற காசைப் பாக்கெட்ல போட்டுக்கலாம்னு கணக்கு. விலை ஏறிட்டா? செத்தீங்க. ஏன்னா, எவ்வளவு ஆனாலும் வாங்கித் திருப்பிக் கொடுத்தே ஆகணும்.

50 டாலர்கிட்ட இருந்த பங்கு 40-க்குக் கீழே போச்சு. வேற யாரா இருந்தாலும், கடை நல்லாத்தானே ஓடுது, கொஞ்ச நாள்ல சரியாகிடும்னு பேசாம இருந்திருப்பாங்க. சாண்டர்ஸுக்கு ரோஷம் பொத்துக்கிட்டு வந்தது. தெற்கத்திக்காரன்னு நினைச்சு என்னை ஏமாத்தப் பார்க்கிறாங்களான்னு எடுத்துக்கிட்டார். மெம்ஃபிஸ், நாஷ்வில், நியூ ஆர்லியன்ஸ், செயின்ட் லூயிஸ் என ஊர் ஊரா இருந்த வங்கிகள்ல மொத்தம் சுமார் ஒரு கோடி டாலர் கடன் வாங்கினார். அந்தப் பணத்தை சூட்கேஸ்ல திணிச்சு, மிச்சத்தை சட்டைப் பையில அடைச்சுக்கிட்டு நியூயார்க்குக்கு ரயில் ஏறினார்னு ஒரு கதை பரவிச்சு. அவரே அதை மறுத்துட்டார். ஆனா கதை மட்டும் சாகலை.

அவர் திட்டம் எளிமையானது. சந்தையில இருக்கிற எல்லா பிக்லி விக்லி பங்கையும் தானே வாங்கிடுறது. இரவல் வாங்கி வித்தவங்க திருப்பிக் கொடுக்கணும்னா தன்னிடம் வந்துதானே ஆகணும்? அப்போ தான் வெச்சதுதானே விலை? இதுக்குத் துணையா, அன்னிக்கு வால் ஸ்ட்ரீட்டே பார்த்து நடுங்கின ஜெஸ்ஸி லிவர்மோரையே அமர்த்திக்கிட்டார். மொத்தம் இருந்தது ரெண்டு லட்சம் பங்குகள். ஒரே வாரத்துல பாதிக்கு மேல அவர் கைக்கு வந்தாச்சு. அடுத்த வருஷம் மார்ச்சுக்குள்ள, 1,128 பங்குகளைத் தவிர எல்லாமே அவருடையது! ஆட்டம் எங்கே போகுதுன்னு புரிஞ்ச லிவர்மோர் கடைசி நேரத்துல கழன்டுக்கிட்டார்.

1923 மார்ச் 20, செவ்வாய்க்கிழமை. தனக்கு வர வேண்டிய பங்குகளை உடனே கொண்டுவந்து கொடுங்கன்னு சாண்டர்ஸ் கேட்டார். சந்தை விதிப்படி மறுநாள் மதியத்துக்குள்ள கொடுத்தாகணும். காலையில 75 டாலர் சொச்சத்துல தொடங்கின விலை 124 வரைக்கும் பறந்தது. ஷார்ட் அடிச்சவங்க அலறினாங்க. சாண்டர்ஸ் ஜெயிச்சுட்டார்!

ஜெயிச்சாரா?

அடிபட்டவங்க எல்லாம் சந்தையோட ஆட்கள். பங்குச் சந்தை நிர்வாகம் என்ன செய்தது தெரியுமா? பிக்லி விக்லி வர்த்தகத்தை நிறுத்தியது. பங்கு ஒப்படைக்க வேண்டிய கெடுவைத் தள்ளிப்போட்டது. பிறகு பட்டியல்லேருந்தே அந்தப் பங்கைத் தூக்கியது. அந்த அவகாசத்துல ஷார்ட் அடிச்சவங்க நாடு முழுக்க அலைஞ்சு, சின்னச் சின்ன ஆட்களிடம் பத்தும் இருபதுமா இருந்த பங்குகளைத் தேடிப் பிடிச்சுட்டாங்க. முதல்ல 150, அப்புறம் 250 டாலர்னு மிரட்டின சாண்டர்ஸ், கடைசியில 100 டாலருக்கு இறங்கி வர வேண்டியதாச்சு.

விதி யாருக்கும் பொதுன்னு எழுதி வெச்சுட்டு, ஆட்டம் தங்களுக்கு எதிரா போனதும் விதியை மாத்தினது நியாயமான்னு கேட்டா, எனக்கு நியாயமா படலை. ஆனா ஒரு மளிகைக் கடைக்காரர், கடைகளை வெச்சு வாங்கின கடனை எல்லாம் ரோஷத்துக்காக அங்கே கொண்டுபோய்க் கொட்டியிருக்கவும் வேண்டாம். அந்தக் கம்பெனியை நம்பி ஆயிரக்கணக்கான பேர் வேலை பார்த்தாங்க இல்லையா?

இப்போ நிலைமையைப் பாருங்க. கிட்டத்தட்ட மொத்தப் பங்கும் அவர்கிட்ட. ஆனா அதை விற்கச் சந்தையே இல்லை. தலைக்கு மேல பல மில்லியன் டாலர் வங்கிக் கடன். பத்திரிகைகள்ல விளம்பரம் கொடுத்து, பங்கு ஒண்ணு 55 டாலர்னு பொதுமக்களிடம் விற்கப் பார்த்தார். மெம்ஃபிஸ் நகரமே கைகொடுக்கக் கிளம்பிச்சு. உள்ளூர் பத்திரிகை, வர்த்தக சங்கம் எல்லாம் சேர்ந்து மூணு நாள்ல 50,000 பங்குகளை விற்றுக் கொடுக்கறோம்னு வீடு வீடா இறங்கினாங்க. அப்போ யாரோ கேட்டாங்க. அவ்வளவு கஷ்டம்னா, அந்த இளஞ்சிவப்பு மாளிகையை ஏன் இன்னும் கட்டிக்கிட்டு இருக்கார்? அவ்வளவுதான். பாதிகூட விற்கலை, இயக்கம் படுத்துடுச்சு.

1923 ஆகஸ்ட்ல சாண்டர்ஸ் கம்பெனியை விட்டு வெளியேறினார். பங்குகள், சொத்து, அந்த மாளிகை என எல்லாமே கடன்காரங்களுக்குப் போச்சு. அடுத்த வருஷம் சட்டப்படி திவால். அவருக்கு வயசு 42.

பிக்லி விக்லி மட்டும் அவர் இல்லாமலே வளர்ந்தது. 1932-ல 2,660 கடைகள். அவருக்கு அதுல ஒரு ராக்கூடச் சொந்தமில்லை.

என் பேருக்கு நானே சொந்தக்காரன்

நீங்களா இருந்தா என்ன பண்ணியிருப்பீங்க? இவர் 1924-லயே அடுத்த கடையைத் திறந்துட்டார். புதுக் கடைக்கு அவர் பெயரையே வைக்கக் கூடாதுன்னு பழைய கம்பெனி நீதிமன்றம் வரைக்கும் போச்சு. பெயராவது தன்னோடது என்பதை நிரூபிச்சு ஜெயிச்சவர், அந்தக் கோபத்தையே கடைப் பெயரா வெச்சார். 'கிளாரன்ஸ் சாண்டர்ஸ், என் பெயருக்கு நானே ஒரே உரிமையாளன் ஸ்டோர்ஸ்'. நிஜமாவே இதுதான் பெயர்! மக்கள் சுருக்கி 'சோல் ஓனர்' என்றே கூப்பிட்டாங்க.

இதுவும் ஓடிச்சு. சில வருஷத்துலயே திரும்பவும் கோடீஸ்வரர். கடைப் பெயரிலேயே ஒரு அமெரிக்கன் ஃபுட்பால் அணி வேற நடத்தினார். 1929 டிசம்பர்ல, அந்த வருஷத்து தேசிய சாம்பியனான கிரீன் பே பேக்கர்ஸ் மெம்ஃபிஸுக்கு வந்து இவர் அணியிடம் தோத்துட்டுப் போச்சு. ஆனா அதுக்குள்ள பங்குச் சந்தை நொறுங்கி, பெருமந்தம் தொடங்கியாச்சு. சோல் ஓனர் கடைகளும் மூழ்கின. ரெண்டாவது திவால்.

சாவி போட்டா சாமான் வரும் கடை

இவரைப் பத்திப் படிக்கும்போது எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி இனிமேதான்.

1937-ல மெம்ஃபிஸ்ல ஒரு கடை திறக்கிறார். பெயர் 'கீடூசில்'. சாவியே எல்லாத்தையும் செய்யும் என்கிற அர்த்தம் வர்ற மாதிரி ஆங்கிலத்தில் ஒட்டுப்போட்ட சொல். உள்ளே போனா பொருளைத் தொடவே முடியாது. ஒவ்வொண்ணுலயும் ஒரே ஒரு சாம்பிள் கண்ணாடிக்குப் பின்னாடி இருக்கும். கீழே ஒரு துளை. வாசல்ல உங்களுக்கு ஒரு சாவி கொடுப்பாங்க. எது வேணுமோ அந்தத் துளையில சாவியைப் போட்டா போதும், ஆர்டர் பதிவாகிடும். கூடை தூக்க வேண்டாம். சுத்தி முடிச்சுட்டு கேஷியரிடம் வந்தா, மிஷின் தானாகவே கூட்டல் போடும். பின்னாடி சரக்கு அறையில அந்தந்தப் பொருள் சரிவுப் பாதையில வழுக்கி, ஓடும் பெல்ட்டுல விழுந்து, உங்களிடம் வந்து சேரும். பின்னாடி வந்த வடிவத்துல, நீங்க எடுத்தது எல்லாம் ஒரு காகித நாடாவுல துளைகளா பதிவாகும். அதை மிஷின் படிக்கும்.

நம்ம ஊர்ல வானொலிப் பெட்டியே அதிசயமா இருந்த காலத்துல இது! கடை சின்னதா இருந்தா போதும், ஆள் குறைவு, திருட்டுக்கு வழியில்லை, விலையும் குறையும். கணக்கு சரியாத்தான் இருந்தது. மிஷின்தான் சரியா இல்லை. கூட்டம் சேர்ந்தா சர்க்யூட் தாங்கலை. ஒருத்தர் சாமான் இன்னொருத்தர் பையில போச்சு. அடிக்கடி பழுது. பழுதுபார்க்க ஆன செலவு, மிச்சம் பிடிச்ச சம்பளத்தை விழுங்கிச்சு. மூடினார். 1939-ல மாத்திக் கட்டித் திரும்பத் திறந்தார். அதுவும் நிக்கலை. 1948-ல மூணாவது தடவை. 1949-ல அதையும் மூடியாச்சு.

ஒரு சின்ன வேடிக்கை. கீடூசில் திறந்த அதே 1937-ல, ஓக்லஹோமா நகரத்துல சில்வன் கோல்ட்மேன் என்கிற இன்னொரு மளிகைக் கடைக்காரர், மடக்கு நாற்காலியைப் பார்த்து ஒரு யோசனை வந்து, அதுக்குக் கீழே சக்கரம் மாட்டி, மேல கூடையை வெச்சார். அதுதான் ஷாப்பிங் டிராலி. முதல்ல யாரும் தொடலையாம். ஆட்களைக் காசு கொடுத்துத் தள்ளிட்டுப் போக வெச்சுத்தான் மக்களைப் பழக்கினார். சாண்டர்ஸ் கூடையே வேண்டாத கடைக்காகக் கோடிகளைச் செலவழிச்சுக்கிட்டு இருந்த நேரத்துல, அவரோட பழைய கூடைக்கு நாலு சக்கரம் மாட்டினவர் அதுலயே பெரும் பணக்காரர் ஆனார். சரியான யோசனைன்னு ஒண்ணு இருக்கு, சரியான நேரம்னு ஒண்ணு இருக்கு. சாண்டர்ஸுக்கு 1916-ல ரெண்டும் சேர்ந்து அமைஞ்சது. அப்புறம் அமையவே இல்லை.

இன்னொண்ணும் தோணுது. நீங்க போன்ல மளிகை ஆர்டர் பண்றீங்களே, கண்ணாடிக்குப் பின்னாடி படத்தைப் பார்த்து விரலால தொடுறீங்க, எங்கேயோ இருக்கிற குடோன்ல பொருள் பைக்குள்ள விழுது. கீடூசிலும் இதேதானே? ஒரே வித்தியாசம், அங்கே பெல்ட் ஓடிச்சு, இங்கே ஒரு இளைஞர் ஓடுறார். சீட்டை வாங்கிட்டு சாமான் எடுத்துத் தர்ற கடைப்பையன் வேண்டாம்னு சாண்டர்ஸ் 1916-ல வெளியே அனுப்பினார். நாம அவரை ஆப் வழியா திரும்பக் கூட்டிட்டு வந்திருக்கோம்.

கீடூசில் மூணு தடவை தோத்த பிறகாவது சும்மா இருந்தாரா? 'ஃபுட் எலெக்ட்ரிக்'னு அடுத்த கடைக்குத் திட்டம் போட்டார். இதுல வாடிக்கையாளரே பொருளை எடுத்து, பையில போட்டு, பில்லையும் தானே போட்டுக்கலாம். ஆமா, இன்னிக்கு மால்கள்ல எட்டிப் பார்க்கிற செல்ஃப் செக்அவுட்தான். அவர் வாழ்நாள்ல அது திறக்கவே இல்லை. 1953 அக்டோபர் 14-ஆம் தேதி மெம்ஃபிஸில் சாண்டர்ஸ் இறந்தார். வயசு 72.

பிக்லி விக்லி இன்னும் இருக்கு. நாடு முழுக்கப் பரவின பழைய அளவு இல்லை. அமெரிக்காவின் தெற்கு மாநிலங்கள்லயும் இன்னும் சில இடங்கள்லயும் கடைகள் ஓடுது. பன்றிக்குட்டி சின்னத்தோடு.

அந்த இளஞ்சிவப்பு மாளிகை என்னாச்சு? அது நகரத்தின் கைக்கு வந்து, 1930-ல மியூசியமா திறக்கப்பட்டது. இப்பவும் போய்ப் பார்க்கலாம். உள்ளே ஒரு பகுதியில 1916-ன் முதல் பிக்லி விக்லி கடையை, ராக், கூடை, தொங்கும் விலை அட்டைகளோடு அப்படியே திரும்பக் கட்டி வெச்சிருக்காங்க. அந்த வீட்டில் சாண்டர்ஸ் ஒரு நாள்கூடக் குடியிருந்ததில்லை.